செல்போனில் ஓகே ஆன லேபிள்

கேள்வி: காங்கேயத்தில் வீட்டிலிருந்தபடியே பேக்கேஜிங் டிசைன் செய்கிறேன். வயது 29. ஃப்ளெக்ஸ் கடையில் வேலை பழகி, பிறகு தனியாக வந்தேன். செக்கு எண்ணெய், மசாலாப் பொடி, சிறுதானிய மாவு விற்கும் சின்னச் சின்னக் கம்பெனிகள்தான் என் பார்ட்டிகள். போன மாதம் ஒருவருக்குச் சமையல் தேங்காய் எண்ணெய் லேபிள் செய்து கொடுத்தேன். வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, "சூப்பருங்க தம்பி, அச்சுக்குக் குடுத்துருங்க" என்றார். அச்சாகி வந்ததும், "செல்லுல பாத்த பச்சை இது இல்லீங்களே" என்று பேலன்ஸ் பணத்தை நிறுத்திவிட்டார். இப்போது அவரே ஏஐயில் படம் செய்து ராத்திரி பதினொரு மணிக்கு அனுப்புகிறார். நீளக் கூந்தலோடு ஒரு பெண், பின்னால் தென்னந்தோப்பு, சூரிய உதயம். "இதுல பேரை மட்டும் போட்டுக் குடுங்க, பத்து நிமிச வேலைதானுங்க, ரேட்டைப் பாதியாப் போட்டுக்குங்க" என்கிறார். நான் ரேட்டைக் குறைப்பதா? ஆப்பிள் லேப்டாப்பும் டேப்லெட்டும் தவணையில் வாங்கினால் பார்ட்டிகளிடம் மதிப்புக் கூடுமா? இல்லை, இந்தத் தொழிலையே விட்டுவிடலாமா?

பதில்:

தம்பி, மூன்று கேள்விகளையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முதலில் அந்தப் பச்சையைப் பற்றிப் பேசிவிடுவோம். மற்றதெல்லாம் அதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

உங்கள் பார்ட்டி பொய் சொல்லவில்லை. அவர் செல்போனில் பார்த்த பச்சை வேறு, பாட்டிலில் பார்த்த பச்சை வேறுதான். திரை தானே வெளிச்சம் போட்டு நிறம் காட்டுகிறது. லேபிளோ தன் மேல் விழும் வெளிச்சத்தில் கொஞ்சத்தை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையை எப்படிக் கலந்தாலும் ஓஎல்இடி திரையில் மின்னுகிற இளந்தளிர்ப் பச்சை வராது. ஆரஞ்சிலும் பளீர் நீலத்திலும் இதே கதை. போதாததற்கு, இன்றைய ஆண்ட்ராய்டு போன்களில் பலவும் கடையிலிருந்து வரும்போதே நிறத்தைத் தூக்கிக் காட்டும் 'விவிட்' அமைப்பில்தான் வருகின்றன. கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பக்கத்துப் போனைவிடப் பளிச்சென்று தெரிய வேண்டுமே! ராத்திரி பதினொரு மணிக்குப் பார்க்கிற மனிதர் என்றால் கண் கூசாமலிருக்க நீல ஒளியைக் குறைக்கும் வசதியையும் போட்டிருப்பார். அதில் வெள்ளையே இளமஞ்சளாகத் தெரியும். நீங்கள் அனுப்பிய படத்தை வாட்ஸ்அப் சுருக்கியிருக்கும். இத்தனையையும் தாண்டி அவர் கண்ணில் விழுந்தது எந்தப் பச்சையோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவருக்குக் கொப்பரை தெரியும். எந்தத் தோட்டத்துக் காய் எவ்வளவு எண்ணெய் விடும் என்று கையில் எடுத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். நிறத்தைத் தெரிந்து வைத்திருப்பது உங்கள் வேலை. அச்சில் வரவே முடியாத ஒரு பச்சையைக் காட்டி அவரிடம் ஓகே வாங்கியிருக்கிறீர்கள். அதனால் இந்தத் தகராறில் பாதிப் பொறுப்பு உங்களுடையது என்றே நான் சொல்வேன். கோபம் வரும், பரவாயில்லை.

இனி எப்படிச் செய்வது என்று பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் அனுப்புவது மேட்டர் பார்க்க மட்டும். பெயர், விலாசம், எழுத்துப் பிழை, படம் இருக்கும் இடம், அவ்வளவுதான். அனுப்பும்போதே "இது மேட்டர் சரிபார்க்க மட்டும், நிறத்துக்கு அல்ல" என்று ஒரு வரியைப் படத்துக்குள்ளேயே போட்டுவிடுங்கள். அதையும் டாக்குமெண்டாக அனுப்புங்கள், சுருங்காது. நிறத்துக்கு, எந்த ஸ்டிக்கரில் அச்சாகப் போகிறதோ அதே ஸ்டிக்கரில் டிஜிட்டல் ப்ரூஃப், அதாவது மாதிரி அச்சு ஒன்று எடுங்கள். குரோமோ என்கிற வழவழப்பான தாளில் ப்ரூஃப் காட்டிவிட்டு ஃபிலிம் என்கிற பிளாஸ்டிக் ஸ்டிக்கரில் அச்சடித்தால் மறுபடியும் இதே சண்டைதான். ப்ரூஃபை வெட்டி எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். காங்கேயத்துக்குள் எங்கே போவதானாலும் வண்டியில் கால் மணி நேரம் ஆகுமா? அவருடைய பாட்டிலில், உள்ளே எண்ணெய் இருக்கும்போது ஒட்டிக் காட்டுங்கள்.

எண்ணெய் இருக்கும்போது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இப்போது எல்லோருக்கும் டிரான்ஸ்பரண்ட் லேபிள் மேல் ஆசை. வெறும் பாட்டிலில் ஒட்டிப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். நல்லெண்ணெயை ஊற்றியதும் அந்த மஞ்சள், மைக்குப் பின்னால் வந்து நின்றுகொள்ளும். நீலத்தில் போட்ட பெயர் பச்சை ஓடும், சிவப்பு செங்கல் நிறமாகும், மஞ்சள் எழுத்து காணாமலே போகும். எழுத்துக்கும் படத்துக்கும் அடியில் வெள்ளை மை ஒரு பூச்சு கொடுத்தால்தான் நிறம் நிற்கும். வெள்ளைக்குத் தனி பிளேட், தனிச் செலவு, அதை ரேட் பேசும்போதே சொல்லிவிட வேண்டும். தேங்காய் எண்ணெய்க்கு இன்னொரு கூத்து இருக்கிறது. மார்கழிக் குளிரில் உறைந்து வெள்ளையாகிவிடும். அப்போது டிரான்ஸ்பரண்ட் லேபிளில் உள்ள வெள்ளை எழுத்து எதுவும் தெரியாது. லேமினேஷன் போடாத பேப்பர் ஸ்டிக்கரானால், மூடியோரம் வழிகிற எண்ணெய் ஊறி ஒரே வாரத்தில் லேபிள் கண்ணாடித்தாள் போல் ஆகிவிடும். இதில் எதையும் திரையில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ப்ரூஃபைப் பார்த்து அவர் சரி என்றால், அதன் பின்பக்கம் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி உங்கள் ஃபைலில் வையுங்கள். இன்னொரு ப்ரூஃப் பிரஸ்ஸுக்குப் போகட்டும், மெஷினில் நிறம் வைப்பவர் அதைப் பார்த்து வைப்பார். "இல்லீங்க, செல்லுல இருக்கற பச்சையேதான் வேணும்" என்று அவர் பிடிவாதமாக நின்றால், ஐந்தாவது கலராகத் தனி மை போட வழி இருக்கிறது. அதுவும் ஓரளவுதான் நெருங்கும் என்று சொல்லி, செலவுக் கணக்கையும் எடுத்து வையுங்கள். தொகையைப் பார்த்ததும் பாதிப் பேருக்கு நான்கு கலர் பச்சையே பிடித்துப்போகும்.

நின்றுபோன பேலன்ஸ் விஷயம். அச்சுச் செலவை நீங்கள் ஏற்க வேண்டாம். அந்த லேபிள்கள் கெட்டுப்போகவில்லை, ஒட்டி விற்கலாம். "அடுத்த அச்சுக்கு நிறத்தைச் சரி செய்து, ப்ரூஃபோடு இலவசமாகத் தருகிறேன், இந்த பேலன்ஸை முடித்துவிடுங்கள்" என்று நேரில் போய்ச் சொல்லுங்கள். போனில் பேசினால் நடக்காது. காசு விஷயத்தை முகம் பார்த்துத்தான் பேச வேண்டும், அதுவும் காலையில். முழுசாகத் தராமல் கொஞ்சம் குறைத்துத் தந்தால் வாங்கிக்கொண்டு வாருங்கள். இதற்காக வக்கீலிடம் போகாதீர்கள்.

அடுத்த ஜாப்பிலிருந்து முன்யோசனையோடு இருங்கள். உத்யம் என்பது குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு. அது இலவசம், ஆதாரும் பானும் இருந்தால் ஆன்லைனில் நீங்களே போட்டுக்கொள்ளலாம். 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு தொழிலுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கில் கூட்டு வட்டி கேட்கலாம். பதிவுக்கு முன்னால் செய்த வேலைக்கு இதைக் கோருவதில் சட்டச் சிக்கல் இருப்பதால் பழைய பாக்கிக்கு இதை நம்பாதீர்கள். பில்லில் உத்யம் எண்ணைப் போட்டாலே பெரிய கம்பெனிக் கணக்குப் பிள்ளைகள் சுறுசுறுப்பாகிவிடுவார்கள். சின்ன பார்ட்டிகளிடம் இது எடுபடாது. அவர்களிடம் அட்வான்ஸ் பாதி, ப்ரூஃப் கையெழுத்தாகும்போது மீதி, பிறகுதான் அச்சு ஃபைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபைல் போன பிறகு பேலன்ஸ் வருவது அவர் தயவு.

சரி, அந்தக் கூந்தல் பெண்ணுக்கு வருவோம்.

பார்ட்டி படம் செய்து அனுப்புகிறார் என்று வருத்தப்படாதீர்கள். பார்ட்டிகள் எப்போதும் எதையாவது கொண்டுவருவார்கள். முன்பு போட்டிக் கம்பெனி லேபிளைப் பாட்டிலிலிருந்து உரித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வருவார்கள். "இதே மாதிரி, ஆனா இது மாதிரி இருக்கக் கூடாதுங்க!" பிறகு கூகுளில் தேடிய படம் வந்தது, இப்போது ஏஐ படம். என்னைக் கேட்டால் ஏஐ படம்தான் மூன்றிலும் மேல். போட்டிக் கம்பெனியைப் பார்க்காமல் தன் மனசில் இருப்பதையே எழுதிக் கேட்டிருக்கிறார் அல்லவா? "இதில் உங்களுக்கு எது பிடிச்சிருக்குங்க?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். தோப்பா, காலை வெயிலா, அந்தப் பெண்ணா? பெரும்பாலும் வெளிச்சம் என்பார், அல்லது "நம்ம தோட்டம் மாதிரியே இருக்குதுங்க" என்பார். அது போதும், உங்களுக்கு வேலைக்கான பிடி கிடைத்துவிட்டது.

பெண்தான் வேண்டும் என்றால் அங்கே நீங்கள் குறுக்கே நிற்க வேண்டும். அவர் விற்பது சமையல் எண்ணெய். தேங்காய் எண்ணெய் சமையலுக்கா தலைக்கா என்று நம் நாட்டில் பல வருடம் வழக்கே நடந்திருக்கிறது. சேலம் மத்திய கலால் ஆணையர் போட்ட அந்த வழக்கில் 2024 டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது. சின்ன பாட்டிலில் இருப்பதாலேயே அது கூந்தல் எண்ணெய் ஆகிவிடாது, எந்த உபயோகத்துக்கு என்று லேபிளும் பேக்கிங்கும் என்ன காட்டுகின்றன என்பதையும் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அப்போது சமையல் எண்ணெய்க்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், கூந்தல் எண்ணெய்க்கு 18. ஒரு படத்தை வைத்துப் பதின்மூன்று சதவீதம்! 2025 செப்டம்பரில் கூந்தல் எண்ணெய்க்கும் 5 ஆகிவிட்டதால் வரியில் இப்போது வித்தியாசம் இல்லை. ஆனால் லைசென்ஸில் இருக்கிறது. உணவுப் பொருளுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம், தலைக்குத் தடவுவதற்கு அழகு சாதனப் பொருள் உரிமம். உணவு உரிமத்தை வைத்துக்கொண்டு லேபிளில் கூந்தலை விரித்துப் போட்டால், ஆய்வுக்கு வருகிற அதிகாரி கேட்கத்தான் செய்வார். லேபிளுக்கு உங்கள் பார்ட்டிதான் பதில் சொல்ல வேண்டும். படத்தைச் செய்த ஏஐ அங்கே வந்து நிற்காது.

இதை அவரிடம் பயமுறுத்தலாகச் சொல்லாதீர்கள், டீ குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொல்லுங்கள். அடுத்த நிமிடம், "அப்ப வேற என்னென்னங்க பாக்கோணும்?" என்று அவரே கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பதுதான் இனி உங்கள் பிழைப்பு என்று நான் நினைக்கிறேன். படம் செய்ய எல்லோர் கையிலும் சாமான் வந்துவிட்டது. அச்சுக்குப் போகுமா, கடையில் நிற்குமா, சட்டத்துக்கு உட்பட்டதா என்று பார்த்துப் பொறுப்பேற்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத்தான் பணம்.

ஒரு லிட்டர் பாட்டில் லேபிளையே எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் 14 இலக்கம் இருக்கிறதா? ஒரு இலக்கம் குறைந்தால் பிரஸ்ஸில் யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள். சைவப் பொருளுக்கான பச்சைச் சதுரமும் உள்ளே பச்சை வட்டமும் நிறம் மாறாமல் இருக்கிறதா? மொத்த லேபிளையும் தங்க நிறத்தில் செய்கிறோம் என்று அதையும் தங்கமாக்கிய ஆட்கள் உண்டு. எண்ணெய்க்கு மில்லிலிட்டரோடு எடையும் போட வேண்டும். ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ எடை இருக்காது, ஏறத்தாழ 910 கிராம்தான். அளவு எழுத்தின் உயரத்துக்குக்கூட எடையளவுச் சட்டத்தில் விதி இருக்கிறது. பேட்ச் எண், தயாரித்த தேதி, எம்ஆர்பி இதெல்லாம் பாக்டரியில் பிறகு இங்க்ஜெட்டில் அடிப்பார்கள். அதற்கு விட்ட இடத்தில் அடர்த்தியான நிறமோ வழவழப்பான லேமினேஷனோ இருந்தால் மை நிற்காது, விரல் பட்டால் அழியும்.

எம்ஆர்பி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்தவர் நம் தமிழர், உதயகுமார். 2010 ஜூலையில் மத்திய அரசு அதை ஏற்றது. ஆனால் அதற்கு முந்தைய பழைய ஃபாண்டுகளில் அந்த எழுத்தே கிடையாது. அப்போது உடனடி ஏற்பாடாக வந்த சில ஃபாண்டுகள், விசைப்பலகையின் இடது மூலையில் இருக்கும் சாய்கோட்டுக் குறியின் இடத்தில் ரூபாயைச் செருகி வைத்தன. அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தால் விலைக்கு முன்னால் ஒரு குட்டிச் சாய்கோடு மட்டும் நிற்கும். அப்படி அச்சான விலைப்பட்டியல்கள் இன்றும் கண்ணில் படுகின்றன. எழுத்தைக் கர்வ்ஸ் பண்ணி, அதாவது ஃபாண்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றி அனுப்பச் சொல்லி பிரஸ்ஸில் நச்சரிப்பது சும்மா இல்லை.

அப்புறம் பார்கோடு. வளைந்த சின்ன பாட்டிலில் கோடுகளை நிற்கவைத்து அடித்தால் ஓரத்துக் கோடுகள் வளைவில் மறைந்து ஸ்கேனர் திணறும். ஏணிப்படி போலக் கோடுகள் படுத்திருக்கும்படி திருப்பி வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் காலி இடம் விட வேண்டும். சிவப்புக் கோடு கூடவே கூடாது. பல ஸ்கேனர்களின் வெளிச்சமே சிவப்பு என்பதால் அதற்குச் சிவப்பும் வெள்ளையும் ஒன்றுதான்.

தமிழ் எழுத்து தனிப் பாடம். 'எண்ணெய்' என்பதைத் தடித்த ஃபாண்டில், ஐந்து பாயின்ட் அளவில், நான்கு மையும் கலந்த பழுப்பில் அடித்துப் பாருங்கள். ணகரத்தின் மூன்று சுழியும் மையில் அடைத்துக்கொண்டு கரும்புள்ளியாகிவிடும். ஒரு கலர் மயிரிழை விலகினாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும். சின்ன எழுத்தை ஒரே மையில் அடியுங்கள், முடிந்தால் கறுப்பில், சுழிக்குள் இடம் இருக்கிற மெல்லிய ஃபாண்டில். அடோபி மென்பொருள்களில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற எழுத்துக் கோக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் யூனிகோடு தமிழில் கொம்பும் காலும் இடம் மாறி விழும். திரையில் அவசரத்தில் பார்க்கிறவர் அதைக் கவனிக்க மாட்டார். வாங்குகிற பாட்டி கவனிப்பார். ஏஐ படத்துக்குள் வரும் தமிழ் முன்னைக்கு இப்போது தேறியிருக்கிறது, ஆனாலும் அதை அப்படியே அச்சுக்கு விடாதீர்கள். படத்தை எடுத்துக்கொண்டு எழுத்தை நீங்களே கோத்துவிடுங்கள்.

படத்தின் அளவையும் பாருங்கள். ஏஐ செயலிகள் வழக்கமாகத் தருகிற 1024 பிக்சல் சதுரம், அங்குலத்துக்கு 300 என்ற அச்சுத் தரத்தில் எட்டரை சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பாட்டிலைச் சுற்றி வருகிற லேபிளுக்கு அது காணாது. பெரிதாக்கும் செயலிகள் இருக்கின்றன. அவை தென்னை ஓலையைப் பிளாஸ்டிக் ஓலையாக்காமல் இருக்கின்றனவா என்று நூறு சதவீத அளவில் வைத்துப் பாருங்கள்.

இனி ரேட். பாதியாகக் குறைக்காதீர்கள், வேலையைப் பிரித்துவிடுங்கள். முழு டிசைனுக்கு ஒரு ரேட். "படம் உங்களுடையது, மேட்டர் கோர்த்து, சட்ட விவரம் சரிபார்த்து, அச்சு ஃபைலும் ப்ரூஃபும் தருவது மட்டும் என்னுடையது" என்பதற்கு ஒரு ரேட். இரண்டாவது குறைவாகத்தான் இருக்கும், ஆனால் பாதியாக இருக்காது, ஏனென்றால் உங்கள் தலைவலியில் முக்கால்வாசி அதில்தான் இருக்கிறது. படம் பார்ட்டி தந்தது, அதன் உரிமைக்கு அவரே பொறுப்பு என்று கொட்டேஷனில் எழுதிவிடுங்கள். இரண்டு முறை கரெக்‌ஷன் இலவசம், மூன்றாவதிலிருந்து தனி. "பத்து நிமிச வேலைதானுங்க" என்று அவர் சொன்னால் விவாதம் செய்ய வேண்டாம். "ஆமாங்க, பேர் போட பத்து நிமிசம்தான், மத்ததுக்குத்தான் ரெண்டு நாளு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு இந்தக் கொட்டேஷனை நீட்டுங்கள்.

உரிமை பற்றியும் இரண்டு வார்த்தை. சம்பளத்துக்கு இல்லாமல் தனியாகச் செய்து கொடுக்கும் லோகோவின் பதிப்புரிமை (காப்பிரைட்) பொதுவாக முதலில் வரைந்தவருக்குத்தான். அதை மாற்றிக் கொடுக்க 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவு எழுத்தும் கையெழுத்தும் கேட்கிறது. எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம்தான், எந்த ஊருக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். வெளிநாட்டுக்கு எண்ணெய் அனுப்புகிற பார்ட்டி இதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார். "பணம் முழுசாக வந்ததும் எல்லா உரிமையும் உங்கள் பெயருக்கு எழுதித் தருகிறேன்" என்பது நீங்கள் கையில் வைத்திருக்கிற நல்ல சீட்டு. அதை மிரட்டலாக ஆட வேண்டாம். கான்வாவில் கிடைக்கிற தேங்காய்ப் படத்தை லோகோவாக வைத்தால் டிரேட்மார்க் வாங்க அவர்கள் உரிம விதியே இடம் தராது, அதையும் சொல்லுங்கள். சமையல் எண்ணெய்க்கு டிரேட்மார்க் வகுப்பு 29. பெயர் வைக்கும் முன் அரசின் இணையதளத்தில் அந்த வகுப்பில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். கூந்தல் எண்ணெய் வகுப்பு 3, அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ராத்திரி பதினொரு மணி மெசேஜுக்குப் பதில் போடாமல் இருப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியாது. காலை ஒன்பதரைக்குப் போடுங்கள், மூன்று வாரத்தில் பழகிவிடுவார்.

தொழிலை விடுவதா என்று கேட்டீர்கள். பிறந்தநாள் போஸ்டர், பண்டிகை வாழ்த்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், பெயரை மாற்றித் தரும் கல்யாணப் பத்திரிகை இவைதான் உங்கள் வருமானத்தில் பெரும்பகுதி என்றால், ஆமாம், அது கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது, திரும்பி வராது. அதற்காக யார் மேலும் கோபப்பட்டுப் பயனில்லை. ஈயத்தில் எழுத்துக் கோத்தவர்கள் கையிலிருந்து டிடிபி என்கிற கம்ப்யூட்டர் அச்சுக்கோப்பு அந்த வேலையை வாங்கிக்கொண்டபோது, ப்ரூஃப் படிக்கவும் தாள் கணக்குப் போடவும் தெரிந்தவர்கள் அதே பிரஸ்களில் வேறு நாற்காலிக்கு மாறினார்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் பேக்கேஜிங்கில்தான் இருக்கிறீர்கள். உங்களைச் சுற்றிலும் எண்ணெய், அரிசி, மாவு, வெல்லம். ஊருக்கு ஊர் புதிதாக லேபிள் ஒட்டுகிறார்கள். அவர்களில் பலருக்கு நான் மேலே சொன்ன பார்கோடும் பச்சை வட்டமும் தெரியாது. எதற்கு விடுவது?

கடைசியாக லேப்டாப். காங்கேயத்துச் செக்குக்காரர் உங்கள் மேஜையில் இருக்கும் ஆப்பிளைப் பார்த்து ரேட்டைக் கூட்டித் தர மாட்டார், "இவர்கிட்ட செலவு ஜாஸ்தி வரும்" என்று நினைத்தாலும் நினைப்பார். பெரும்பாலான பிரஸ்ஸில் உங்களிடம் கேட்கப்போவது கோரல்டிரா ஃபைலோ, கர்வ்ஸ் செய்த பிடிஎஃப்போ. அதற்கு இப்போதுள்ள கம்ப்யூட்டரே போதும், திணறினால் ரேம் கூட்டுங்கள், எஸ்எஸ்டி போடுங்கள். கையால் வரைகிற பழக்கம் இருந்தால் சின்ன பென் டேப்லெட் ஒன்று போதும். டேப்லெட் என்று நீங்கள் நினைக்கிற அந்தப் பெரிய சாமான் சினிமா பார்க்கத்தான் உதவும். தவணையில் எதுவும் வேண்டாம். மாதா மாதம் கட்ட வேண்டிய தொகை தலைக்கு மேல் இருந்தால், வேண்டாத வேலையைக்கூட பாதி ரேட்டுக்கு ஒத்துக்கொள்ளத் தோன்றும்.

பேலன்ஸ் வந்ததும் இரண்டு பொருள் வாங்குங்கள். நீங்கள் வழக்கமாக அச்சடிக்கும் பிரஸ்ஸில் கேட்டு, அவர்கள் மெஷினில் அடித்த கலர் சார்ட் ஒன்று. எந்த மைக்கலவை எண்ணுக்கு என்ன நிறம் வரும் என்று அதைப் பார்த்து முடிவு செய்யலாம், திரையை நம்ப வேண்டாம். இன்னொன்று, எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அளவுகோலின் நிறங்களை முழுசாகக் காட்டுகிற, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர். சுமார் 15,000 ரூபாய்க்குள் கிடைக்கும். வாங்கி வந்த அன்றே அதன் பிரைட்னஸைக் குறைத்துவிடுங்கள். பெரும்பாலும் உச்சத்தில் வைத்துத்தான் அனுப்புகிறார்கள், அப்படியே வேலை செய்தால் எந்த அச்சும் உங்களுக்கு மங்கலாகத்தான் தெரியும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, திரையின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரிகிற வரைக்கும் இறக்குங்கள்.